வாய்வழிக் கருவிச் சிகிச்சை: எடைக்கும் நீரிழிவுக்கும் சேர்த்து

உடல் எடை கூடும்போது நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்புக் கல்லீரல், முழங்கால் வலி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மட்டும் சிலருக்குப் போதுவதில்லை. அறுவை சிகிச்சைக்கோ மனம் ஒப்புவதில்லை. இவர்களில் சிலருக்கு, எண்டோஸ்கோப் என்ற வளையும் குழாயை வாய்வழியே செலுத்திச் செய்யும் சிகிச்சை பொருந்தலாம். வயிற்றில் வெட்டுக்காயம் இருக்காது. சில வேளைகளில் இரண்டு முறைகளைச் சேர்த்தும் செய்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

உங்கள் எடை அதிகமா?

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு. ஆசியர்களுக்கு 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் அபாயம் கூடுகிறது. 27.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அபாயம் அதிகம். 1.55 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீடு ஏறத்தாழ 30.

இரண்டு இடங்கள், இரண்டு வேலைகள்

இரைப்பையில்:
• பலூன்: மென்மையான சிலிகோன் பலூனை இரைப்பையில் வைத்து உப்புநீரால் நிரப்புவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பொதுவாக 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள். சில வகைகள் 12 மாதம் வரை இருக்கலாம்.
• தையல்: இரைப்பையை உள்ளிருந்தே மடித்துத் தைத்துச் சிறிதாக்குவார்கள். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதைச் செய்துகொண்டவர்கள் ஓராண்டில் சராசரியாகத் தங்கள் எடையில் 13 சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள்.

சிறுகுடலின் தொடக்கத்தில்:
• வெந்நீர் முறை: சூடான நீர் நிறைந்த சிறு பலூனால் குடலின் உட்படலத்தைச் சுடுவார்கள். பின்னர் புதுப் படலம் வளரும். இதன் முக்கிய நோக்கம் எடை அன்று. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.
• உறை: ஏறத்தாழ 60 செ.மீ. நீளமுள்ள மெல்லிய உறையைக் குடலுக்குள் விரிப்பார்கள். உணவு குடற்சுவரைத் தொடாமல் அதனுள் செல்லும்.

ஏன் சேர்க்கிறார்கள்?

இரைப்பையில் செய்வது உண்ணும் அளவைக் குறைக்கிறது. குடலில் செய்வது உடல் சர்க்கரையைக் கையாளும் விதத்தை மாற்றுகிறது. வேலைகள் வேறு என்பதால், சேர்த்தால் பலன் கூடும் என்பது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், அல்லது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம். எடை குறைக்கும் மருந்தையும் சேர்க்கலாம்.

ஆனால் பலன் கூடுவதுபோல் அபாயமும் கூடலாம். குடல் உறையைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு, சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்ததால் 2015இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, உங்களுக்குச் செய்யவிருப்பது வழக்கமான சிகிச்சையா, ஆய்வா என்று தெளிவாகக் கேளுங்கள்.

மூத்தோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

• தாழ்சர்க்கரை: உணவு குறைந்த பிறகும் இன்சுலினையோ கிளிப்பிசைடு போன்ற மாத்திரைகளையோ பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம், கீழே விழவும் நேரிடலாம். சிகிச்சைக்கு முன்பே மருந்தளவை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.
• மற்ற மருந்துகள்: ரத்தத்தை நீர்மையாக்கும் மருந்து, ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரை ஆகியவை ரத்தக்கசிவை உண்டாக்கலாம். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, எடுத்துச் சென்று காட்டுங்கள்.
• தசை: எடையோடு தசையும் குறையும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, தௌஹூ ஆகியவற்றில் ஒன்றையாவது முதலில் சாப்பிடுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் உதவும்.
• இனிப்புப் பானம்: தே தாரிக், மைலோ, பாயசம் ஆகியவை பலூனைத் தாண்டி எளிதாக வழுக்கிச் சென்றுவிடும். தே ஓ கோசோங் குடிக்கலாம்.
• தேதி: பலூனை எடுக்கவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து, வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள். உடம்புக்கு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் வயதுக்கும் மற்ற நோய்களுக்கும் இது பொருந்துமா?
2. ஒரு முறை மட்டும் போதாதா? இரண்டாவது எதற்கு?
3. செலவு எவ்வளவு? கருவியை எடுக்கும் செலவும் அதில் அடங்குமா?
4. கருவியை எடுத்த பிறகு எடை திரும்பாமல் இருக்க யார் உதவுவார்கள்?

உடனே உதவி நாடுங்கள்

முதல் சில நாள்களுக்குக் குமட்டலும் வாந்தியும் பொதுவானவை. ஆனால் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், கறுப்பு மலம் ஆகியவை அபாய அறிகுறிகள். சில பலூன்களில் நீலச் சாயம் கலந்திருக்கும். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் கசிகிறது என்று பொருள். அது குடலை அடைத்துவிடலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரத்த வாந்தி எடுத்தாலோ மயங்கி விழுந்தாலோ 995 என்ற எண்ணை அழையுங்கள்.

பலூனும் உறையும் சில மாதங்களில் வெளியே வந்துவிடும். அதற்குள் பழகிய உணவும் நடையும்தான் உங்களுடன் தங்கும். முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். போகும்போது வீட்டாரில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.