கோட்டின் எந்தப் பக்கம்?

கணிதப் பாடநூல்களை லேடெக்கில் பக்கமாக்கும் வேலைக்கு என்னிடம் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கோடு போடத்தான் சொல்லித் தருவேன். சமன்பாடுகளை மென்பொருளே அழகாக அடுக்கிக்கொள்ளும். கோட்டுக்குத்தான் நாம் கவனம் கொடுக்க வேண்டும். வடிவியலில் கோட்டுக்கு அகலம் கிடையாது; தாளில் உண்டு. அந்த அகலம் நாம் சொன்ன இடத்துக்கு எந்தப் பக்கமாக உட்காருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

லேடெக்கின் அடித்தளமான டெக்கில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. ஒன்று, டொனால்டு கனூத் அமைத்த 'ரூல்'. அது மை நிரப்பிய செவ்வகம். எழுத்துகள் உட்காரும் பேஸ்லைனுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளவு கொடுக்கலாம். எதுவும் கொடுக்காவிட்டால் கிடைக்கோடு 0.4 பாயிண்ட் உயரத்தில் வரும், தடிமன் முழுவதும் மேல்பக்கம். மற்றது, படம் வரைவதற்கான டிக்ஸ் தொகுப்பு வரையும் கோடு. அங்கே பேனா ஒரு பாதையில் நகர்கிறது. தடிமன் பாதைக்கு இருபுறமும் பாதிப் பாதியாகப் பிரிகிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் இரண்டிலும் இதே கணக்குதான்.

0.4 பாயிண்ட் கோட்டில் இந்த வேறுபாடு 0.2 பாயிண்ட், கண்ணுக்குத் தெரியாது. அத்தியாயத் தலைப்பின் கீழே 4 பாயிண்ட் பட்டையை ரூலில் போட்டு, அதன் தொடர்ச்சியை டிக்ஸில் வரைந்தால் 2 பாயிண்ட் படி விழும். அது எந்த வாசகர் கண்ணிலும் படும். டிக்ஸ் பாதையை அரைத் தடிமன் மேலே ஏற்றினால் சரியாகிவிடும். அந்த அரையை எண்ணாக எழுதாமல், 'கோட்டு அகலத்தின் பாதி' என்றே கட்டளையில் எழுதுங்கள். நாளை பதிப்பாசிரியர் பட்டையை மெலிதாக்கச் சொன்னாலும் இடம் பிசகாது.

பெட்டி போடும்போதும் இதே கவனம் தேவை. லேடெக்கின் எஃப்பாக்ஸ், உள்ளே 3 பாயிண்ட் இடைவெளி விட்டு, வெளியே 0.4 பாயிண்ட் கோடு போடும். பத்தியின் முழு அகலத்துக்கும் உள்ள எதையாவது அதற்குள் வைத்தால் இரு பக்கமும் சேர்த்து 6.8 பாயிண்ட் கூடிவிடும். வரி மிஞ்சியதாக லேடெக் தரும் எச்சரிக்கையில் அந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் இதுதான் என்று சொல்லிவிடலாம்.

அட்டவணைதான் தமிழுக்குத் தனிச் சோதனை. வரிசையின் உயரத்தை லேடெக் பேஸ்லைனுக்கு மேல் 70 சதவீதம், கீழ் 30 சதவீதம் என்று பிரிக்கிறது. ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழில் 'தீ', 'வீ' எழுத்துகளின் விசிறி மேற்கோட்டில் இடிக்கும். அரே தொகுப்பில் வரிசைக்குக் கூடுதல் உயரம் கொடுக்க வழியிருக்கிறது. நான் பெரும்பாலும் புக்டேப்ஸ் தொகுப்பையே நாடுவேன். அது கோட்டுக்கு மேலும் கீழும் தானே இடம் விடும். மேல், கீழ் விளிம்புகளுக்கு 0.08 எம், நடுவில் 0.05 எம் என்று தடிமனை நூலின் அடிப்படை எழுத்தளவைக் கொண்டு அமைக்கும். நிலைக்கோடுகளை மட்டும் விட்டுவிட வேண்டும். விட்டால் அட்டவணை இன்னும் தெளிவாகத்தான் இருக்கும்.

திரையை நம்பாதீர்கள். சாதாரணத் திரையில் 0.4 பாயிண்ட் ஏறக்குறைய அரைப் பிக்சல். ஒரே தடிமனுள்ள கோடுகள் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்த பிறகே திருத்துங்கள். சுழியத் தடிமனும் வேண்டாம். கருவி எவ்வளவு மெல்லியதாகப் போட முடியுமோ அவ்வளவு மெல்லியதாகப் போடு என்று அதற்குப் பொருள். அங்குலத்துக்கு 600 புள்ளி லேசர் பிரிண்டரில் தெரிகிற அந்தக் கோடு, 2400 புள்ளி அச்சுப் பிளேட்டில் 0.01 மில்லிமீட்டராகிக் காணாமல் போகும். நான் 0.25 பாயிண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. நிறத்தின் மேல் வெள்ளைக் கோடென்றால் 0.5.

படத்தைச் சுருக்கும்போது, டிக்ஸின் 'ஸ்கேல்' இடங்களை மட்டும் சுருக்கி, தடிமனை விட்டுவைக்கும். முடிந்த படத்தைப் பாதியாகச் சுருக்கி ஒட்டினால் 0.4 பாயிண்ட் கோடு 0.2 ஆகிவிடும். ஆகவே படங்களை அச்சாகும் அளவிலேயே வரையச் சொல்லுங்கள்.