பாய்மரக் கப்பலில் மாணவ மாலுமிகள்



பந்தயம் என்றவுடன் நம் பள்ளித் திடலில் நடைபெறும் ஓட்டப் பந்தயமே உங்கள் நினைவிற்கு வரும். எல்லைக் கோட்டை முதலில் தொடுபவரே அதில் வென்றவர். ஆனால், விரைந்து வந்தவர்க்கு மட்டுமன்றிப் பிறரோடு நன்கு பழகியவர்க்கும் உயர்ந்த பரிசு வழங்கும் பந்தயம் ஒன்று உண்டு. அதைப் பற்றி அறிவோம்.

தோற்றம்

இயந்திரக் கப்பல்கள் பெருகியபின் பாய்மரக் கப்பல்கள் கடலிலிருந்து மறையத் தொடங்கின. அவற்றுக்கு விடை கொடுக்கும் விழாவாக, 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்பே விரிகுடாவிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பன் நகர் வரை ஒரு பந்தயம் நடைபெற்றது. 20 கப்பல்கள் கலந்துகொண்டன. மக்கள் காட்டிய ஆர்வத்தால், முடிவு விழாவாக எண்ணியதே தொடக்க விழாவாயிற்று. இப்பந்தயம் இன்றும் ஐரோப்பியக் கடல்களில் தொடர்கிறது.

யார் சேரலாம்?

ஒவ்வொரு கப்பலிலும் பணியாற்றுவோரில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. முன்பின் கடலைக் கண்டிராதவரும் சேரலாம். தேர்ந்த மாலுமிகள் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பர்.

கப்பலில் என்ன வேலை?

கப்பல் இரவிலும் நிற்பதில்லை. எனவே, அனைவரும் குழுக்களாகப் பிரிந்து முறை வைத்துக் காவற்பணி செய்வர். ஒரு முறை பெரும்பாலும் 4 மணி நேரம். நம் தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் பெற்றோரைப் போல, நள்ளிரவில் அழைத்தாலும் உடனே எழுந்து மேல்தளத்திற்குச் செல்லவேண்டும். ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். ஒருவர் எதிரே கப்பல் வருகிறதா எனக் கண்காணிப்பார். பலர் ஒன்றுகூடிக் கயிற்றை இழுத்துப் பாயை உயர்த்துவர். தளம் கழுவுதலும் சமையலுக்கு உதவுதலும் கூட அவர்கள் கடமையே.

பாயைச் சுருட்டப் பாய்மரத்தின் மீது ஏறவேண்டியும் வரும். அப்போது இடுப்பில் பாதுகாப்புக் கச்சை அணிவர். ‘ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு’ என்பது மாலுமிகளின் பழமொழி. தன்னையும் காத்து, கடமையையும் செய் என்பது இதன் பொருள்.

ஆபத்தும் ஒழுங்கும்

கடல் விளையாட்டுத் திடல் அன்று. 1984-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், இத்தகைய பந்தயம் ஒன்றில் ‘மார்க்கஸ்’ என்னும் கப்பல் பெர்முடாத் தீவிற்கு வடக்கே சூறைக்காற்றில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்த 28 பேரில் 19 பேர் மாண்டனர். அதன்பின் பிரிட்டனில் பயிற்சிக் கப்பல்களின் சமநிலை பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. கட்டளைக்கு உடனே கீழ்ப்படிதல் அடிமைத்தனம் அன்று. அது அருகிலிருப்பவரின் உயிரைக் காக்கும் செயல் என்பதை உணருங்கள்.

வெற்றி எது?

பெரிய கப்பலும் சிறிய கப்பலும் ஒரே வேகத்தில் செல்லா. ஆதலால், கப்பலின் அளவுக்கும் பாய்க்கும் ஏற்பக் கணக்கிட்டுத் திருத்திய நேரத்தைக் கொண்டே வெற்றி முடிவு செய்யப்படும். மேலும், நாடுகளுக்கிடையே நல்லெண்ணத்தை வளர்த்த கப்பலுக்கு நட்புறவுப் பரிசு வழங்கப்படுகிறது. அதனைத் தேர்ந்தெடுப்பவர்கள் உடன் போட்டியிட்டவர்களே! இடைவழியில் இளைஞர்கள் கப்பல் மாறி, பிற நாட்டவரோடு பயணம் செய்வதும் உண்டு.

நம் நாட்டில்

அரச மலேசியக் கடற்படையிலும் 1989-இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட ‘துனாஸ் சமுத்திரா’ என்னும் பாய்மரப் பயிற்சிக் கப்பல் உண்டு. ‘துனாஸ்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு இளந்தளிர் என்று பொருள்.

பெற்றோர்களே! பிள்ளைகளை வெளியில் அனுப்ப அஞ்சுவது இயல்பே. ஆயினும், நீச்சலும் ஒழுங்கும் கற்பித்து அனுப்புங்கள். தளிர்கள் காற்றையும் அறிந்துதானே மரமாக வேண்டும்?

பயிற்சி
1. முதல் பந்தயம் எந்த ஆண்டில், எவ்விடங்களுக்கிடையே நடைபெற்றது?
2. ‘ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு’ – விளக்குக.
3. நட்புறவுப் பரிசு உங்கள் வகுப்பில் யாருக்குரியது? காரணம் கூறுக.