கண்பழக்கமும் மெய்ப்பழக்கமும்: ஆடற்பயிற்சியும் பிறர் அசைவை அறிதலும்

ஆடலைப் பயின்றவர் அதனைக் காண்பதும் பயிலாதவர் காண்பதும் ஒன்றன்று என்பது கலையுலகில் வழங்கும் கருத்து. இவ்வேறுபாடு பலமுறை கண்டதால் விளைவதா, உடலால் செய்து பழகியதால் விளைவதா என்னும் வினா அண்மைக்கால நரம்பறிவியலில் ஆய்வுக்கு உட்பட்டுள்ளது.

1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜாகோமோ ரிசொலாத்தி குழுவினர் மக்காக் குரங்குகளை ஆராய்ந்தனர். குரங்கு தானே ஒரு பொருளைப் பற்றும்போதும், பிறர் பற்றுவதைக் காணும்போதும் கிளர்ச்சியுறும் நரம்பணுக்கள் அதன் மூளையில் இருப்பது புலனாயிற்று. இவை பின்னர்க் கண்ணாடி நரம்பணுக்கள் எனப் பெயர்பெற்றன.

மனிதரின் பயிற்சியை முன்னிறுத்திய ஆய்வைப் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோவும் பிறரும் லண்டனில் நிகழ்த்தி 2005இல் வெளியிட்டனர். பாலே கலைஞரும், பிரேசிலின் கப்போயிரா வல்லுநரும், இவ்விரண்டும் பயிலாதோரும் இருவகை ஆடல்களின் படக்காட்சிகளையும் கண்டனர். அவ்வேளையில் காந்த ஒத்ததிர்வு வரைவின்வழி அவர்தம் மூளைச் செயற்பாடு பதிவாயிற்று. வல்லுநர் தாம் பயின்ற ஆடலைக் கண்டபோது முன்னியக்கப் புறணியிலும் உச்சி மடலிலும் கிளர்ச்சி மிகுந்தது. பயிலாதோரிடம் அத்தகைய வேறுபாடு இல்லை.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. பாலே கலைஞர் பாலேயை மிகுதியாகச் செய்தவர் மட்டுமல்லர். மிகுதியாகக் கண்டவரும் ஆவர். இவ்விரண்டையும் பிரிக்க அக்குழுவினர் 2006இல் கையாண்ட உத்தி எளியது. ஆயினும் முந்தைய ஆய்வினும் வலுவுடையது. பாலேயில் ஆண்களுக்கே உரிய அசைவுகளும் பெண்களுக்கே உரிய அசைவுகளும் உண்டு. இருபாலரும் ஒருங்கே பயில்வதால் ஒருவர் அசைவு மற்றவர் கண்ணுக்குப் பழகியதே, உடலுக்குத்தான் பழகாதது. இந்நிலையிலும் தம் பாலுக்குரிய அசைவைக் கண்டபோது முன்னியக்கப் புறணி, உச்சி மடல், சிறுமூளை ஆகியன மிகுதியாகக் கிளர்ந்தன. எனவே அவ்வேறுபாட்டைக் கண்பழக்கத்தால் மட்டும் விளக்க இயலாது.

இம்முடிவை மிகைப்படுத்துதல் தகாது. இவ்வரைவு ஒரு மூளைப் பகுதியின் திரண்ட செயற்பாட்டையே காட்டும், தனி நரம்பணுவைக் காட்டாது. மேலும், கிளர்ச்சி மிகுதி வேறு. புரிதல் மிகுதி வேறு. ஆடாத திறனாய்வாளர் ஆடலை உணரமாட்டார் என்பதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா.

புரிதலையே அளந்த ஆய்வு சால்வதோரே அல்யோத்தி குழுவினர் உரோமில் நிகழ்த்தி 2008இல் வெளியிட்டது. கூடைப்பந்து வீச்சின் படக்காட்சியை இடையில் நிறுத்திப் பந்து கூடையில் விழுமா என அவர்கள் வினவினர். பயிற்றுநரும் விளையாட்டுச் செய்தியாளரும் அவ்வீச்சைப் பன்முறை கண்டு பழகியவர்கள்; எனினும் ஆட்டக்காரரே அவர்களினும் முன்னதாகச் சரியாகக் கணித்தனர். பந்து கையைவிட்டு நீங்குமுன்னரே, வீசுபவர் உடலின் அசைவுகொண்டு அவர்கள் முடிவுசெய்தனர். காண்பதில் தேர்ந்தோரின் இயக்கப் புறணியும் கிளர்ச்சியுற்றது உண்மையே. ஆயினும் குறிதவறும் வீச்சில் பந்து கையைவிட்டு நீங்கும் கணத்தைத் தனித்துக் காட்டும் மாறுபாடு ஆட்டக்காரரிடம் மட்டுமே பதிவாயிற்று.