மெயின்டனன்ஸைக் கட்டு, கணக்கைக் கேள்

பேத்துப்பாறை

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மெயின்டனன்ஸ் தொகையை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள், கணக்குக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள், அடுத்த மாசத்திலிருந்து ஒரு பைசா தரமாட்டேன் என்று போனில் கொதித்தாய். கோபம் நியாயம்தான். பணத்தை நிறுத்துவதை மட்டும் செய்யாதே.

கொடைக்கானல் டவுனில் ஒரு அடுக்ககத்துக்குக் கொஞ்ச காலம் கணக்கு எழுதியவன் நான். வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் மதுரை, சென்னைக்காரர்கள். “சீசனுக்கு மட்டும்தானே வருகிறேன், முழுத்தொகை எதற்கு?” என்று கேட்பார்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டின் மேலும்தான் இந்த மலையில் மழை பெய்கிறது. ஒருவர் நிறுத்தினார், அவரைப் பார்த்து அடுத்தவர். வாட்ச்மேன் சம்பளம் தள்ளிப்போனது, மொட்டைமாடி ஒழுகியது. செயலாளருக்கோ நல்ல சாக்கு கிடைத்துவிட்டது: “பணமே வரவில்லை, எதற்குக் கணக்குக் காட்ட?” கட்டாதவன் வாயை அடைக்க இந்த ஒரு பதில் போதும். ஒழுங்காகக் கட்டுகிறவனிடம் அது செல்லாது.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், ரெரா என்கிறார்களே, அதில் 19ஆம் பிரிவு வீடு வாங்கியவனுக்கு உரிமைகளோடு கடமைகளையும் சொல்கிறது. பராமரிப்புச் செலவில் தன் பங்கைக் கொடுப்பதும், சங்கம் அமைவதில் கலந்துகொள்வதும் அவற்றில் உண்டு. 11ஆம் பிரிவு பில்டருக்கு: சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசிய வசதிகளை அவர்தான் பராமரிக்க வேண்டும், கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1994ஆம் வருஷத்து அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் போய், அதன் இடத்தில் 2022இல் இயற்றிய புதுச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது, அதன் விதிகளில் கணக்குத் தணிக்கை பற்றியும் பொதுக்குழு பற்றியும் என்ன எழுதியிருக்கிறது? முதலில் அந்த விதிப்புத்தகத்தின் நகலை வாங்கு. வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறவர்களில் அதைப் படித்தவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

உன் மாசத் தொகையைத் தனியாகப் பார்த்தால் அதன் எடை தெரியாது. 1,100 சதுர அடி வீடு, அடிக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்: மாசம் 4,400. இப்படி 120 வீடு என்றால் மாசம் 5,28,000, வருஷத்துக்கு 63 லட்சத்துக்கு மேல். சிறிய கம்பெனி ஒன்றின் வரவுசெலவு இது. ஒரு நோட்டிலும் ஒருவர் ஞாபகத்திலும் வைத்து நடத்துகிற விஷயமா? அதற்குமேல், வீடு ஒப்படைக்கும்போது கார்ப்பஸ் என்று ஒரு வைப்புத் தொகை வாங்கியிருப்பார்கள். அடிக்கு 50 ரூபாய் என்றாலே 66 லட்சம் சேர்ந்திருக்கும். அது யார் பெயரில், எந்த வங்கியில், எந்த வைப்புக் கணக்கில் இருக்கிறது, வட்டி எங்கே போகிறது? டீசல் பில்லையும் தண்ணீர் லாரி பில்லையும் நோண்டுவதற்கு முன்னால் இதைக் கேள். பெரிய ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பில்டர் அந்தப் பணத்தைச் சங்கத்துக்கு மாற்றாமலே வருஷங்களை ஓட்டிவிடுவது உண்டு.

விற்காத வீடுகளைப் பற்றியும் கேள். அவை பில்டர் கையில் இருக்கும்வரை அவற்றின் பங்கை யார் கட்டுகிறார்கள்? யாரும் கட்டவில்லை என்றால் அந்தப் பாரம் உங்கள் தலையில்தான் ஏறியிருக்கிறது. உனக்கு இரண்டு தடவை ஏறிய கட்டணத்தின் காரணம்கூட அங்கே கிடைக்கலாம்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தாய். குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினரிடம் வாங்குவது மாசம் ஒருவருக்கு 7,500 ரூபாய் வரை என்றால் அதற்கு வரி விலக்கு உண்டு. அதைத் தாண்டினால், முழுத்தொகைக்கும் 18 சதவீதம் என்று மத்திய அரசு 2019இல் சுற்றறிக்கை விட்டது. 7,500க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 9,000 ரூபாய்க்கு முதல் கணக்கில் 1,620, இரண்டாவது கணக்கில் 270! ஆனால் பில்டரோ அவர் வைத்த பராமரிப்புக் கம்பெனியோ நேரடியாகப் பில் போட்டால் இந்த விலக்கு கிடைக்காது. பொறுப்பைச் சங்கம் சீக்கிரம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடிக் கணக்குக் கேட்பதற்கு எங்கள் வில்பட்டி ஊராட்சியைப் பார். யானை வந்து வாழையைச் சாய்த்த கதையோடு கிராம சபைக்கு வருகிறவர்கள்கூட ஊராட்சி வரவுசெலவைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைகள் ஆயிரம் இருக்கட்டும், தேதியாவது குறித்திருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த அடுக்ககத்தில் வருஷம் ஒரு பொதுக்குழு கூடினால், பத்துப்பேர் வந்து டீ குடித்துவிட்டுக் கலைகிறார்கள். வராதவர்கள்தான் மறுநாள் திருட்டுப்பட்டம் கட்டுகிறார்கள். செயலாளர் உன்னைப்போல வேலைக்குப் போய்வந்து சம்பளமில்லாமல் பார்க்கிறவராக இருக்கலாம். ஆதாரம் இல்லாமல் அவரைத் திருடன் என்றால் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் உட்கார நல்ல ஆள் கிடைக்காது.

செலவுக்கு முன்பே கேட்கவும் வழி உண்டு. இங்கிலாந்தில் 1985ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, கட்டட வேலையில் ஒரு வீட்டுக்காரர் பங்கு 250 பவுண்டைத் தாண்டுமானால் முன்கூட்டியே வீட்டுக்காரர்களைக் கலந்து பேசும்படி கட்டட நிர்வாகத்துக்குச் சொல்கிறது. கலக்காமல் செய்தால் 250க்கு மேல் வாங்குவது சிரமம். இப்படி ஒரு வரம்பை உங்கள் பொதுக்குழுவே தீர்மானமாகப் போட்டுக்கொள்ளலாம்: இவ்வளவுக்கு மேல் செலவு என்றால் மூன்று கொட்டேஷன், எல்லோருக்கும் முன்னறிவிப்பு.

இந்த மாசத் தொகையைக் கட்டி ரசீது வாங்கு. பிறகு தணிக்கை அறிக்கை, வங்கி ஸ்டேட்மென்ட், கார்ப்பஸ் விவரம், லிஃப்ட் மற்றும் செக்யூரிட்டி ஒப்பந்தங்கள் நான்கையும் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கு, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கு. பதில் வரவில்லையென்றால் விதிப்படி சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். ஒப்படைக்காமல் இழுப்பது பில்டர் என்றால் தமிழ்நாடு ரெராவுக்குப் போங்கள். அடுத்த பொதுக்குழுவில் பொருளாளர் பதவிக்கு ஆள் தேடுவார்கள். நீ நில்லு.

அன்புடன்,
மாமா