பாட்டியின் புதிய மூட்டு

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழங்காலில் சந்திக்கின்றன. அவற்றின் முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு தேய்ந்துபோனால் நடக்கும்போதெல்லாம் வலிக்கும். அறுவை மருத்துவர் தேய்ந்த பரப்பை நீக்கி, உலோக உறைகளைப் பொருத்தி, இடையே உறுதியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார். இதுவே முழங்கால் மூட்டு மாற்று அறுவை.

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடை தொடங்கிவிடும். எஞ்சிய பெரும்பணி வீட்டில்தான் நடக்கிறது. முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி வலி தரும். வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் மூட்டு இறுகிவிடும். பாட்டி முகம் சுளிப்பதைக் கண்டதும், "வேண்டாம் பாட்டி, படுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லத் தோன்றும். அந்த அன்பு அவரைப் படுக்கையிலேயே இருத்திவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் அத்தகையதே. இதமாகத்தான் இருக்கும், கால் முழுமையாக நீளாது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தால் நீளும்.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது இரத்தம் உறையாதிருக்க உதவும். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ காயத்தில் நீர் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பயிற்சி: உங்கள் வீட்டில் படுக்கையறையிலிருந்து குளியலறை வரை நடந்து பாருங்கள். வாக்கர் பிடித்து நடப்பவருக்கு இடையூறாகும் பொருள்கள் எவை? ஐந்து வரிகளில் எழுதுக.