கூரை இல்லாதவருக்கு வெயிலில் பங்கு உண்டா?

கல்முனைப் பக்கம் போய் வந்த நம்மவர்களுக்குத் தெரியும், காலை எட்டு மணிக்கே அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். நமது மலையில் மூடுபனிக்குள் கொழுந்து பறிக்கிற அதே நேரத்தில் கல்முனையிலும் மருதமுனையிலும் கூரைகளில் ஏறியிருக்கும் சூரியப் பலகைகள் மின்சாரம் தரத் தொடங்கிவிடும். இந்தப் பாடம் அந்தப் பலகையையும் அதற்கான சட்டத்தையும் பற்றியது.

2016 செப்டம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் மூன்று வழி. முதல் வழியில், பாவித்தது போக மிஞ்சும் அலகை அடுத்த மாதத்துக்கு வரவு வைப்பார்கள், காசு கிடையாது. இரண்டாவதில், மிஞ்சிய அலகுக்குக் காசு தருவார்கள். மூன்றாவதில், கூரையில் விளைவது முழுவதையும் விற்கலாம். அன்று அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்று விலை வைத்தார்கள். (அதற்குப் பின் விலை பல தடவை மாறிவிட்டது. சேருகிறவர்கள் அன்றைய விலையைக் கேட்டுவிட்டே சேர வேண்டும்.)

மூன்று வழியும் நல்லதுதான். ஆனால் மூன்றுக்கும் கூரை வேண்டுமே! லயத்துக் கூரை நம்முடையதா? தகரம் ஒழுகினால் மாற்றுவதற்கே தோட்டத்து ஆபீஸில் கேட்டு நிற்கிறோம்.

இது நமக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்திருந்தோம். கல்முனைக்குப் போயிருந்தபோது, சுனாமிக்குப் பிறகு கட்டிய தொடர்மாடி ஒன்றில் குடியிருக்கும் ஓர் உம்மாவிடம், "நீங்களும் பலகை போடலாமே?" என்று கேட்டோம். "கூரை எங்கட இல்ல மனே, எல்லாருக்கும் பொது. ஆர்ட பேர்ல போடுற?" என்றார். லயத்துக் கேள்வியும் இதேதான்.

இந்தக் கேள்விக்கு வேறு இடங்களில் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2013இல் 'சமூக சூரியத் தோட்டம்' என்பதற்குச் சட்டம் போட்டது. ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பலகை வைப்பார்கள். வாடகை வீட்டுக்காரரும் அதில் ஒரு பங்கு எடுக்கலாம். அந்தப் பங்கில் விளைந்த மின்சாரத்தின் பெறுமதி அவருடைய பில்லில் கழியும். வீட்டுக்குத் தனி வயர் எதுவும் வராது, கணக்கு மட்டுந்தான் வரும். 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். இந்தியாவில் டெல்லியும் 2019இல் இதே மாதிரி விதி கொண்டுவந்தது.

நம்ம கணக்கில் பார்ப்போம். ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் மாதம் சுமார் 100 அலகு தரும். பாடசாலைக் கூரையிலோ கோயில் காணியிலோ 20 கிலோவாட் வைத்தால் 20 குடும்பத்துக்கு ஆளுக்கு 100 அலகு. பலகை நமது மலையில்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மலையகத்துக்கும் அம்பாறைக் கரைக்கும் காலகாலமாக மின்சாரம் தந்தது ஒரே மின்சார சபைதானே. சட்டம் இடம் கொடுத்தால் கல்முனை வெயில் மஸ்கெலியா பில்லைக் குறைக்கலாம்.

பொதுக் கூரையில் பலகை ஏறாமல் இல்லை. 2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன் 25 மாவட்டங்களிலும் 5000 வணக்கத்தலங்களுக்கான சூரிய மின்சாரத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அது கோயிலின் பில்லுக்கும் பள்ளிவாசலின் பில்லுக்கும் உதவுவது. பக்கத்து லயத்துப் பில்லில் கழிவதற்கு வேறு விதி வேண்டும்.

ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. வெயில் பகலில், நமக்கு லைட் தேவைப்படுவது ராத்திரியில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்ததால், கூரைப் பலகைகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. ஆகவே பங்குத் திட்டம் வந்தால் பற்றரியும் சேர்ந்து வர வேண்டும், அதற்கான செலவும் கூடும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. இந்த மாதப் பில்லை எடுத்துப் பாருங்கள். அது யார் பேரில் இருக்கிறது? தனி மீற்றரும் தனிக் கணக்கு இலக்கமும் இருக்கிறதா, இல்லை நாலு காம்பிராவுக்கும் சேர்த்து ஒன்றா? தனிக் கணக்கு இல்லாதவருக்கு நாளைக்குச் சட்டமே வந்தாலும் வரவு வைக்க இடம் இருக்காது. அதை முதலில் கேட்டு வாங்க வேண்டும். கட்டணத்தை மாற்றும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கும். எழுதியும் அனுப்பலாம், நேரில் போய் வாயாலும் சொல்லலாம். அடுத்த தடவை அறிவித்தல் வந்ததும், லயத்துக்கு ஒருவராவது நம்மிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.