மறந்துபோன அந்தத் தோழராக நாம் ஆகிவிட வேண்டாம்



யூசுப் (அலை) அவர்கள் சிறையில் இருந்தபோது, விடுதலையாகவிருந்த சக கைதியிடம் ஓர் உதவி கேட்டார்கள். தம்மைப் பற்றி எஜமானரிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டார்கள். வெளியே போன அவருக்கு யூசுப் (அலை) அவர்கள் மீது எந்தப் பகையும் இல்லை. ஷைத்தான் மறக்கடித்துவிட்டான், அவ்வளவுதான். அந்த மறதியால் அவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே இருந்தார்கள்.

பிரிட்டனில் வாழும் நாம் உம்ராவுக்கும் ஊருக்கும் செல்ல ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் போகிறோம். ஹீத்ரோ அருகே ஹார்மண்ட்ஸ்வொர்த், கேட்விக் அருகே புரூக் ஹவுஸ் என்று குடிவரவுத் தடுப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் தண்டனை அனுபவிக்கவில்லை. நாடு கடத்தப்படுவதற்காகவோ, விசா முடிவுக்காகவோ காத்திருக்கிறார்கள். எத்தனை நாள் என்று இந்நாட்டுச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. தண்டனைக் கைதி நாட்களைக் கழித்துக்கொண்டு வருவார். இவர் கூட்டிக்கொண்டே போகிறார்.

பசித்தவருக்கு உணவளிப்பது, நோயாளியை நலம் விசாரிப்பது, கைதியை விடுவிப்பது ஆகிய மூன்றையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே ஏவியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. விடுவிக்கும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் மறக்காமல் போய்ப் பார்ப்பது நம்மால் முடியும். 1990களிலிருந்தே தன்னார்வக் குழுக்கள் இங்கே இதைச் செய்து வருகின்றன. அவர்கள் பயிற்சி தருவார்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் அங்கே அடைக்கப்பட்டதுண்டு. வாரக்கணக்கில் தாய்மொழியைக் கேட்காத ஒருவருக்கு உங்கள் ஸலாமும் ‘சாப்பிட்டீங்களா?’ என்ற விசாரிப்பும் எத்தனை பெரிது என்று யோசியுங்கள்.

இதற்கும் ஒழுங்குகள் உண்டு. அவராகச் சொல்லாதவரை வழக்கைத் தோண்டித் துருவாதீர்கள். தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது சட்டப்படி குற்றம். அதை வழக்கறிஞரிடம் விடுங்கள். அவருடைய மார்க்கம் எது என்று பார்த்து உதவாதீர்கள். ஏழை, அநாதை, கைதி ஆகியோருக்கு உணவளிப்போரைப் புகழும் 76ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் வரும் கைதிகள் இணைவைப்பாளர்களே என்று விரிவுரையாளர்களில் சிலர் கூறியுள்ளார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறேன் என்று சொன்ன நாளில் போய்விடுங்கள். வாக்கு மீறுவது நயவஞ்சகத்தின் அடையாளம். வெளியில் இருக்கும் நமக்கு அது தவறிப்போன ஒரு சனிக்கிழமை. உள்ளே இருப்பவருக்கு, அன்று காலையிலிருந்தே சட்டையை மடித்து வைத்துக் காத்திருந்த நாள்.

இந்த வாரமே ஒரு குழுவைத் தொடர்புகொள்ளுங்கள். மறந்துபோன அந்தத் தோழரின் இடத்தில் நம்மை வைக்காமல் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.